மன்னார்ப் பிள்ளைகள் எந்தப் பக்கம் ஓடினார்கள்

இதை எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் ஒரு தகுதியும் இல்லை. பத்தாம் வகுப்போடு நின்றவள். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் அங்கன்வாடிப் பணியாளர். நாலு பெரியவர்கள் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. நாற்பது சின்னப் பிள்ளைகள் முன்னால் மட்டும் வரும். கட்டுரை எழுதத் தெரிந்த யாரும் நான் மன்னாரில் இருந்த வாரம் அங்கே இல்லாததால் நான் எழுதுகிறேன். பிழை கண்ட இடத்தில் தாண்டிப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் போனது இலங்கையின் மன்னார்த் தீவில், ஓலைத்தொடுவாய்க்குப் பக்கத்தில் உள்ள ஒரு சிறிய மீனவ ஊர். அங்கே அங்கன்வாடியை முன்பள்ளி என்கிறார்கள். என்னைக் கூப்பிடுவதற்கு முந்தைய வருடம் யாரோ வந்து பெரிய அலைகளின் படங்களைச் சுவரில் ஒட்டி, ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று வகுப்பு எடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் பல நாள் படுக்கையை நனைத்தார்களாம். இன்னொரு முறை பயம் காட்டினால் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று தாய்மார் சொல்லிவிட்டார்கள். பயமுறுத்தாமல் கதையாகச் சொல்கிறவர் இருந்தால் ஒரே ஒரு முறை பார்க்கலாம் என்று முன்பள்ளி டீச்சர் ஜெசிந்தா கேட்டிருக்கிறார். எங்கள் பக்கத்துத் தொண்டு நிறுவனம் ஒன்று என் பெயரைக் கொடுத்துவிட்டது.

கதை சொல்வதில் எனக்குத் தயக்கம் கிடையாது. என் கதையில் ஒரு ஆடு, ஒரு கொக்கு. கடல் திடீரென்று உள்ளே போய்விடுகிறது. மீன் துள்ளுகிறது. கோயில் மணி அடிக்கிறது. ஆடு மேட்டுக்கு ஓடுகிறது. கொக்கு மீன் பொறுக்கிக்கொண்டு நிற்கிறது. கடைசியில் கொக்கு சொட்டச் சொட்ட நனைந்து, தும்மிக்கொண்டே வந்து ஆட்டின் பக்கத்தில் நிற்கும். யாரும் சாக மாட்டார்கள். அந்தத் தும்மலுக்காகவே பிள்ளைகள் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். எங்கள் ஊரில் சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை கடல் உள்ளே போனபோது, பிள்ளைகள் மீன் பொறுக்க இறங்கினார்கள். அவர்களுக்கு இப்படி ஒரு கதையை யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லியிருக்கவில்லை.

நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் மன்னார் டவுனில் இருந்து அந்த ஊருக்குப் பஸ் ஏறினேன். பாதி வழியில் பஸ் நின்றது. தாரில் ஏழெட்டுக் கழுதைகள் குறுக்கே நின்றன. ஓட்டுநர் ஹாரனை அழுத்தினார். ஒன்றும் காதைக்கூட அசைக்கவில்லை. நடத்துநர் இறங்கிப் போய் ஒன்றின் முதுகில் தட்டிவிட்டுத் திரும்பி வந்து சொன்னார்: "உதுகளுக்கு ரோட்டுப் போட்டது. நாங்கள் இடைக்கிட பாவிக்கிறம்." பாவிப்பது என்றால் பயன்படுத்துவது என்று புரிந்து நான் சிரிப்பதற்குள் பஸ்ஸே சிரித்தது. எங்கள் ஊரில் மாடு நிற்கும். மாட்டுக்குச் சொந்தக்காரன் ஒருவன் இருப்பான், அவனைத் திட்டலாம். இங்கே கழுதைகளுக்குச் சொந்தக்காரர் இல்லை என்றார் பக்கத்தில் இருந்தவர்.

இறங்க வேண்டிய இடம் வந்தது தெரிந்தது. நிறுத்தச் சொல்லிக் கத்த வாய் வரவில்லை. அதனால் அடுத்த ஊரான பேசாலை வரைக்கும் போய்விட்டேன். அங்கே இருந்து ஒரு ஆட்டோவில் திரும்பி வந்தேன். ஆட்டோக்காரர் பின்கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்: "இந்தியாவே? இறங்கப் பயந்தனீங்களோ?" ஆமாம் என்றேன். "எங்கட பஸ்ஸில எங்களுக்கே பயம்தான், அக்கா" என்றார்.

தங்க ஏற்பாடு செய்திருந்தது ரீற்றா என்பவரின் வீட்டில். முப்பது வயது இருக்கும். கணவர் சூசை மீன்பிடிக்கிறவர். ஒரே மகள் டிலானி முன்பள்ளிக்குப் போகிறாள், ஐந்து வயது. ரீற்றா நாற்காலியை எடுத்துப் போட்டு, "வாங்கோ அக்கா, இருங்கோ" என்று சொல்லிப் பால் இல்லாத தேத்தண்ணியும் அதற்குக் கடிக்கப் பனங்கட்டியும் கொடுத்தார். பாலில்லாத தேநீரை நான் நோயாளிகளுக்கு உரியது என்று நினைத்திருந்தவள். இரண்டாவது கோப்பை கேட்டு வாங்கினேன்.

அவர் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. நான் குடித்து முடித்ததும் சொன்னார்: "அக்கா, குறை நினையாதேங்கோ. உங்களை எங்கட வீட்டில வைச்சிருக்கச் சொல்லி ரீச்சர் கேட்டவ. நான் ஓம் எண்டனான். நீங்கள் என்ன சொல்லப் போறியளெண்டு பக்கத்தில இருந்து பார்க்கத்தான். பிள்ளையளுக்கு ஓடப் பழக்காதேங்கோ. நாங்கள் ஓடினது காணும்."

காணும் என்றால் போதும். போர்க்காலத்தில் அவர் சின்னப் பெண்ணாக இருந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டேன்.  அந்த ஊரில் மற்றத் தாய்மார் ரீற்றாவின் முகத்தைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள் என்று மறுநாள் ஜெசிந்தா சொன்னார். "அவ டிலானியை மறிச்சாவெண்டால் அடுத்த நாள் நானும் வசந்தியும் வெறும் பாயோடதான் இருக்க வேணும்."

வசந்தி முன்பள்ளியின் உதவியாளர். அடம்பன் பக்கத்து வயல்காரக் குடும்பம், இந்த ஊரில் கல்யாணம் செய்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஜெசிந்தாவும் வெளியூர்தான், முசலிப் பக்கம். ஆகவே எங்கள் மூன்று பேரில் யாருமே அந்த ஊர்க்காரர் இல்லை. இது முக்கியம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை கதை தொடங்கியது. பத்தொன்பது பிள்ளைகள். முதல் வாக்கியத்திலேயே மறித்தார்கள்.

"அன்ரி, ஆடு வேணாம். கழுதையெண்டு சொல்லுங்கோ."

"கழுதை ஓடாதே?" என்றேன்.

"ஓடும். பின்னால நிண்டு கத்தினா ஓடும்."

சரி, கழுதை. அடுத்து, கடல் உள்ளே போனது என்றதும் டிலானி கையைத் தூக்கினாள். "இஞ்ச கடல் எப்பவும் வத்துறது தானே. நாங்கள் போய் மட்டி பொறுக்கிறனாங்கள்." மற்றப் பிள்ளைகள் தலையாட்டினார்கள். என் ஊரில் கடல் அப்படிப் பின்வாங்குவது இல்லை. இங்கே ஆழமில்லாத பக்கத்தில் தண்ணீர் வற்றும்போது சிப்பி பொறுக்கப் போவது அன்றாட வேலை. கதையில் இருந்த பெரிய அடையாளமே இவர்களுக்குச் சாதாரணம். நான் அங்கேயே மாற்றினேன். கடல் மெல்ல வற்றினால் மட்டி பொறுக்கலாம். ஒரே மூச்சில், குடத்தைக் கவிழ்த்த மாதிரிப் போனால் மட்டியைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். அதைக் கையால் காட்டினேன். மெல்ல என்றால் எல்லோரும் மெல்லக் கையை இழுத்தார்கள். குடம் என்றால் "சர்ர்" என்று கத்தினார்கள். கொக்கு தும்மியபோது பாதிப் பேர் பாயில் உருண்டார்கள். சன்னலோரம் நின்றிருந்த ரீற்றா சிரிக்கவில்லை, ஆனால் போகவும் இல்லை.

அன்று மதியம் அவர் வீட்டில் புட்டும் நண்டுக் குழம்பும். தேங்காய்ப்பாலில் மீன் போட்ட சொதி தனியாக. எங்கள் ஊர் நண்டுக் குழம்பு காரமாக இருக்கும் என்று பெருமைப்பட்டிருக்கிறேன். இங்கே கண்ணில் தண்ணீர் வந்ததை மறைக்க வெளியே போய் நின்றேன். அங்கே வலை தைத்துக்கொண்டிருந்த சூசை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்கட பக்கத்து இழுவைப் படகுகள் வந்து எங்கட வலையை அறுத்துக்கொண்டு போகுது. இப்ப பாவமெண்டு கதை சொல்ல ஒரு ஆளை அனுப்பியிருக்கினம் போல."

 "நான் படகுல வரல, பிளேன்ல வந்தேன்" என்றேன்.  அவர் உரக்கச் சிரித்தார். "அப்ப எங்கட வலை தப்பிச்சுது" என்றார். அவர் தைத்துக்கொண்டிருந்த கிழிசல் இரண்டு முழ நீளம் இருந்தது. என் கண் அதிலேயே நின்றது.

செவ்வாயும் கதைதான். பிள்ளைகளே கழுதை, பிள்ளைகளே கொக்கு. புயல் வந்தால் என்ன செய்வது என்பதையும் அதே கழுதையை வைத்துச் சொன்னேன்: சன்னலோரம் நிற்காதே, கூரை ஓடு பறந்தால் மேசைக்குக் கீழே போ, பெரியவர் சொல்லும்வரை வெளியே வராதே. தீவில் மேடு என்று ஒன்று இல்லை. தார் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய பாடசாலையின் மாடிதான் எங்கள் மேடு. அதற்குக் கழுதை மலை என்று பெயர் வைத்தார்கள். இரண்டு முறை கைபிடித்து நடந்து போய் ஏறிப் பார்த்தோம். எல்லாம் நன்றாகப் போனது. நாளைக்கு ஒத்திகை வைக்கலாம் என்று நானே சொன்னேன்.

கதையில் மணி அடிக்கிறது, ஊர்த் தேவாலயத்திலும் ஒரு மணி இருக்கிறது. பாதர் அனுமதி தந்தார். அன்று மாலைப் பூசையிலேயே பெரியவர்களுக்கு அறிவித்துவிடுவதால் யாரும் பதற மாட்டார்கள் என்றார். மணி அடிக்கிற பெரியவர் என்னிடம் கேட்டார்: "எப்பிடி அடிக்கிறது, தங்கச்சி?"

"வேகமா, விடாம அடிங்க ஐயா."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு "சரி, பாதர் சொல்லிப்போட்டார் தானே" என்று போய்விட்டார்.

புதன்கிழமை பத்து மணி. பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து கொக்கு மாதிரித் தும்மி விளையாடிக்கொண்டிருந்தார்கள். மணி அடித்தது. பத்தொன்பது பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, ஒரு மூச்சு விடும் நேரம். அவர்கள் கதவைத் தாண்டி இடது பக்கம் திரும்ப வேண்டும். எல்லோரும் வலது பக்கம் திரும்பினார்கள். அது கடல்.

கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று எனக்கே தெரியாது. யாரும் நிற்கவில்லை. மணலில் சின்னக் கால்கள் எவ்வளவு வேகம் போகும் என்பதை ஓடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஜெசிந்தா ஒரு கையில் இரண்டு பேரைப் பிடித்தார். வசந்தி செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். நான் கரைக்குப் போனபோது நாலு பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். டிலானி இடுப்பளவில். கட்டியிருந்த ஒரு படகின் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

கருவாடு காய வைத்துக்கொண்டிருந்த ரீற்றா பாவாடையோடு தண்ணீரில் இறங்கி மகளைத் தூக்கினார். அன்று கடல் அமைதிதான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் டிலானி அழத் தொடங்க, மற்றவர்களும் அழுதார்கள்.

"இதைத்தானே முதல் நாளே சொன்னனான்!" என்றார் ரீற்றா. என்னைப் பார்த்து அல்ல, ஜெசிந்தாவைப் பார்த்து. "ஓடு ஓடெண்டு பழக்கி, கடலுக்கே ஓடப் பழக்கியிருக்கிறியள். நாளையில இருந்து என்ர பிள்ளை வராது."

பின்னால் நின்ற தாய்மாரும் ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மணி அடித்த பெரியவர் மூச்சு வாங்க வந்து நின்று, பாவமாகச் சொன்னார்: "நீங்கள் சொன்ன மாதிரித்தானே அடிச்சனான்."

அவரிடம்தான் விஷயம் தெரிந்தது. பூசைக்கு ஒரு அடி, திருந்தாதி ஜெபத்துக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி உண்டு. வேகமாக, விடாமல் அடித்தால் அந்த ஊரில் ஒரே அர்த்தம்: காற்று எழும்பிவிட்டது அல்லது படகு ஒன்று கஷ்டப்படுகிறது, எல்லோரும் கரைக்கு வாருங்கள். ஆண், பெண், சட்டி அடுப்பில் வைத்தவர், எல்லோரும் ஓடிப்போய்ப் படகை இழுத்து ஏற்றுவார்கள். நடக்கத் தெரிந்த பிள்ளைகள் கயிற்றின் கடைசி நுனியைப் பிடிப்பார்கள். அதனால் படகு ஒரு அங்குலம்கூட நகராது. ஆனாலும் பிடிக்க வேண்டும். அது அவர்கள் வழக்கம். பேசத் தொடங்கும் முன்பே படித்த பாடத்தை நான் இரண்டு நாள் கழுதைக் கதையால் அழிக்கப் பார்த்திருக்கிறேன்.

மதியம் முன்பள்ளியில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். மணி ஆகாது, வேறு சத்தம் வேண்டும். வெளியே பாட்டுப் போட்டுக்கொண்டு பாணும் பணிசும், அதாவது ரொட்டியும் பன்னும், விற்கும் ஆட்டோ போனது. தெருப் பிள்ளைகள் அதன் பின்னால் ஓடினார்கள். "இந்தப் பாட்டை வைப்பமோ?" என்றார் ஜெசிந்தா. வசந்தி சொன்னாள்: "வைச்சா எல்லாம் மாடியில ஏறி நிண்டு பணிஸ் கேக்கும்." அந்த நிலைமையிலும் சிரித்தோம். பிறகு வசந்திதான் சொன்னாள், கொஞ்சம் கூச்சத்தோடு: "எங்கட பக்கம் வயலுக்குப் பண்டி வந்தா தகரம் அடிப்பம். சின்னன்கள் எல்லாம் வீட்டுக்குள்ள ஓடிடும். இந்த ஊரில தகரத்துக்கு ஒரு கருத்தும் இல்லையே?" பன்றியைத்தான் பண்டி என்கிறாள். மணி அடிக்கிற பெரியவரிடம் போய்க் கேட்டோம். தகரத்துக்கு அந்த ஊரில் எந்த அர்த்தமும் இல்லை என்றார்.

சத்தம் கிடைத்தது. பிள்ளைகள் இல்லை.

சாயங்காலம் ரீற்றா வீட்டுக்குத் திரும்பினேன். அவர் கோபத்திலும் எனக்கு இடியப்பம் அவித்து வைத்திருந்தார். நான் சாப்பிடாமல், பெரியவர்கள் முன்னால் வராத பேச்சைக் கஷ்டப்பட்டுப் பேசினேன். எங்கள் ஊரில் சுனாமி அன்று நடந்ததைச் சொன்னேன். மீன் பொறுக்க இறங்கிய பிள்ளைகளில் ஆறு பேர் என் அங்கன்வாடிப் பிள்ளைகள். அவர்களின் பெயர்களைச் சொன்னேன். 

ரீற்றா இடியப்பத் தட்டை என் பக்கம் தள்ளி வைத்தார். "நான் ஓடேக்க எனக்குப் பத்து வயசு. ஓடு ஓடெண்டு எல்லாரும் கத்தினவை. எங்க எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. சனம் போன பக்கம் போனனான். அம்மா மற்றப் பக்கம் போயிட்டா."

"அப்புறம்?"

"மூண்டு மாசம் கழிச்சுத்தான் கண்டனான்" என்றார். பிறகு மகளைக் கூப்பிட்டார். "இஞ்ச வா. மாடிக்குப் போறதெண்டு தெரியும் தானே உனக்கு? ஏன் கடலுக்குப் போனனீ?"

டிலானிக்கு அது கேள்வியாகவே படவில்லை. "கழுதைக்கு அப்பா இல்லை. அது மலைக்குப் போகலாம். என்ர அப்பான்ர கயிறை ஆர் பிடிக்கிறது?"

இருபது வருடமாகக் கதை சொல்கிறேன். என் கதையில் ஆட்டுக்குத் தகப்பன் இல்லை என்பதை அதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வாசலில் வலை தைத்துக்கொண்டிருந்த சூசையின் கை நின்றிருந்தது. நான் அவரிடமே போய்க் கேட்டேன். காலையில் கரை திரும்பியதும் அப்பாமார் முன்பள்ளிக்கு வர முடியுமா, கதையில் அவர்களுக்கும் இடம் வேண்டும் என்றேன்.

"நான் என்ன, கொக்கே?" என்றார்.

"நீங்க நீங்களாத்தான்" என்றேன்.

வியாழக்கிழமை எட்டு மணிக்கு மீன் நாற்றத்தோடு பதினொரு அப்பாமார் முன்பள்ளிப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சின்ன இடத்தில் காலை எங்கே மடக்குவது என்று தெரியாமல் நெளிந்தார்கள். அப்பா வந்திருப்பதால் பிள்ளைகளும் வந்தார்கள். டிலானியைக் கொண்டுவந்தது சூசை. ரீற்றா வரவில்லை.

புதிய கதையில் கழுதைக்கு ஒரு அப்பா. அப்பா கடலில் நிற்கிறார். தகரம் அடிக்கிறது. குட்டிக் கழுதை கயிற்றைப் பிடிக்கக் கரைக்கு ஓடப் பார்க்கிறது. "அப்ப அப்பா என்ன சொல்லுவார்?" என்று கேட்டு நிறுத்தினேன். சூசை எழுந்தார். முந்தைய நாளே யோசித்து வைத்திருக்க வேண்டும்.

"மணி அடிச்சா கயிறைப் பிடி. தகரம் அடிச்சா கயிறை விடு. போட் போனாப் போகட்டும். நீ மலைக்குப் போய் நில். நான் உன்னைத் தேடி அங்க வருவன். நீ என்னைத் தேடிக் கரைக்கு வரக்கூடாது. விளங்குதே?"

டிலானி தலையாட்டவில்லை. "போட் போனா நாங்கள் என்ன சாப்பிடுறது?" என்றாள்.

"பாண்" என்றார் சூசை. அப்பாமார் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் போட் போனால் போகட்டும் என்று ஒரு மீனவன் வாயால் சொல்வது சின்ன விஷயம் இல்லை. மற்றவர்களையும் அவரவர் பிள்ளையிடம் அதைச் சொல்லச் சொன்னேன். ஏழு பேர் சொன்னார்கள். மூன்று பேர் பிள்ளையின் தலையைத் தடவியதோடு சரி. எனக்கு அது புரிந்தது, வற்புறுத்தவில்லை. பிறகு வசந்தி வெறும் எண்ணெய்த் தகரத்தை மெல்லத் தட்டிக் காட்டினாள், கதையில் வரும் சத்தம் இதுதான் என்று. ஓட்டம் எதுவும் வைக்கவில்லை. ஒத்திகை வைப்பதென்றால் தாய்மார் சம்மதம் வேண்டும் என்று ஜெசிந்தா உறுதியாக இருந்தார். நானும் அதுதான் சரி என்றேன்.

மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பினேன். ரீற்றா ஒரு பொட்டலம் கருவாடு கட்டித் தந்தார். டிலானியை நாளைக்கு அனுப்புவீர்களா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "அந்தத் தகரம் சரியாக் கேக்குமே? முன்பள்ளிக்குப் பின்னால தென்னங்காணி. காத்து மற்றப் பக்கம் அடிச்சா என்ன செய்யிறது?" என்று மட்டும் கேட்டார். அடித்துப் பார்த்தால்தான் தெரியும் என்றேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் கொழும்பில் இருந்தேன். பத்து மணிக்குத் தகரம் அடித்ததாக ஜெசிந்தா தொலைபேசியில் சொன்னார். பத்தொன்பது பிள்ளைகளும் இடது பக்கம் திரும்பி மாடிக்குப் போனார்கள். யாரும் அழவில்லை. தகரம் அடித்தது ரீற்றா.